சரணடையும் உரிமை யாருக்கு இருந்தது? அப்போமாட்டக்ஸ் கிராமத்திலிருந்து சில கேள்விகள்

"இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டார்கள்." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எரிந்தது காலனிக் குடிசையாக இருக்கும். வெட்டுப்பட்டது நம் பையனாக இருக்கும். தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடக்கும், டீ கொடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'இரு தரப்பினர் மோதல், சுமுகத் தீர்வு' என்று நான்கு வரி வரும். அடித்தவனும் தரப்பு, அடிவாங்கியவனும் தரப்பு.

அந்த வாக்கியத்துக்காக ஒரு கிராமத்தையே கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அண்மையில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்ட் நகரத்துக்கு மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அப்போமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ். பெயரைப் பார்த்து அது ஒரு நீதிமன்றக் கட்டடம் என்று நினைக்க வேண்டாம். மாவட்ட நீதிமன்றம் இருந்த கிராமம் என்பதால் ஊருக்கே அந்தப் பெயர். 1865 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இந்தக் கிராமத்தில் வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டு வரவேற்பறையில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தலைமைத் தளபதி ராபர்ட் ஈ. லீ, வடக்கின் தளபதி யுலிசஸ் கிராண்டிடம் தன் படையோடு சரணடைந்தார். நான்கு ஆண்டு உள்நாட்டுப் போர் முடியத் தொடங்கிய இடம் இது. மற்ற தென் படைகள் அடுத்தடுத்த வாரங்களில் ஆயுதத்தைக் கீழே போட்டன.

எங்களில் ஒருவர் அந்த மாநிலத்தில் படிக்கிறார். அவரைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு நாள் ஒதுக்கி இங்கே வந்தோம். மண் சாலை, மரவேலி, பச்சைப் புல், வெள்ளைத் தூண் வைத்த செங்கல் வீடு. பழைய லிஞ்ச்பர்க் சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. கார்களை வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே வர வேண்டும். அவ்வளவு அமைதி. அந்த அமைதிதான் எங்களை முதலில் உறுத்தியது.

வரவேற்பறையில் இரண்டு மேசைகள். லீ உட்கார்ந்தது பளிங்குப் பலகை போட்ட மேசை, கிராண்ட் உட்கார்ந்தது சிறிய மர மேசை. இரண்டும் நகல்கள். அசல்களைப் போர் முடிந்த அன்றே வடக்கத்திய அதிகாரிகள் நினைவுப் பொருளாக எடுத்துப் போய்விட்டார்கள். லீ புத்தம் புது உடையில் வந்தார், கிராண்ட் சேறு படிந்த பூட்சோடு வந்தார் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் கதை இந்த அறைக்குரியது. பார்வையாளர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த இரண்டு நாற்காலிகளைப் படம் எடுக்கிறார்கள்.

நாங்களும் எடுத்தோம். பிறகு வீட்டின் பின்பக்கம் போனோம். அங்கே சமையல்கட்டும், அதை ஒட்டி மெக்லீன் குடும்பத்தின் அடிமைகள் வாழ்ந்த குடிலும் இருக்கின்றன. அவையும் மறுபடி கட்டப்பட்டவைதான். அங்கே நிற்கும்போது நமக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னறையும் கொல்லைப்புறமும் எப்படிப் பிரிக்கப்படுகின்றன என்பது நமக்குப் பிறப்பிலேயே தெரிந்த பாடம்.

பெருந்தன்மை யாரிடம் காட்டப்பட்டது?

சரணடைந்தவர்களுக்குக் கிராண்ட் கொடுத்த நிபந்தனைகளை ஒருமுறை படிப்போம். யாரும் சிறைக்குப் போக வேண்டாம். இனி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதிகாரிகள் இடுப்பில் இருக்கும் வாளையும் கைத்துப்பாக்கியையும் வைத்துக்கொள்ளலாம். சொந்தக் குதிரை, கோவேறு கழுதை வைத்திருப்பவர்கள் உழவுக்கு ஆகும் என்று ஓட்டிக்கொண்டு போகலாம். பசியோடு இருந்த லீயின் படைக்கு 25,000 பேருக்கான உணவு கொடுக்கப்பட்டது. ஊரில் இருந்த க்ளோவர் ஹில் சத்திரத்தில் அச்சு இயந்திரங்களை வைத்து பரோல் சீட்டுகளை இரவு பகலாக அச்சடித்தார்கள். சுமார் 28,000 பேர் அந்தச் சீட்டோடு வீடு திரும்பினார்கள்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, தென் படையின் காலாட்கள் இந்தச் சாலையில் அணிவகுத்து வந்து துப்பாக்கிகளை அடுக்கினார்கள். எதிரே நின்ற வடக்கத்திய தளபதி சேம்பர்லின், தோற்றவர்களுக்கு மரியாதை செலுத்தும்படி தன் வீரர்களைப் பணித்தார் என்றும், தென் தளபதி ஜான் கார்டன் குதிரையில் இருந்தபடி வாளைத் தாழ்த்திப் பதில் மரியாதை செய்தார் என்றும் இருவருமே பிற்காலத்தில் எழுதினார்கள்.

அழகான காட்சி. உலகத்துக்கே முன்மாதிரியான சமாதானம் என்று இதைச் சொல்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்: இதே மரியாதை, இதே போரில், கறுப்பு வீரனுக்குக் கிடைத்ததா?

இதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 1864 ஏப்ரல் 12 அன்று, டென்னசி மாநிலத்தில் பில்லோ கோட்டை விழுந்தது. அங்கே வடக்குப் படையில் இருந்த கறுப்பு வீரர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள், சரணடைகிறோம் என்று கையைத் தூக்கினார்கள். நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட்டின் தென் படை அவர்களைச் சுட்டும் குத்தியும் கொன்றது. அவர்களுக்கு அச்சடித்த சீட்டு இல்லை, உணவு இல்லை, தாழ்ந்த வாள் இல்லை.

அதே 1864 அக்டோபரில் லீயும் கிராண்டும் கடிதம் மூலம் பேசிக்கொண்டார்கள். போர்க் கைதிகளைப் பரிமாறிக்கொள்ளலாம் என்றார் லீ. கறுப்பு வீரர்களையும் சேர்த்தா என்று கேட்டார் கிராண்ட். எங்கள் குடிமக்களுக்குச் சொந்தமான அடிமைகளைப் பரிமாற்றத்தில் சேர்க்க முடியாது என்பதுதான் லீயின் பதில். கிராண்ட் மறுத்துவிட்டார், அதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் லீயின் கணக்கைக் கவனியுங்கள். சீருடை போட்டு, துப்பாக்கி ஏந்தி, களத்தில் பிடிபட்ட ஒரு மனிதன் அவருக்குக் கைதியாகக்கூடத் தெரியவில்லை. தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த மாடாகத் தெரிந்தான்.

ஆறு மாதம் கழித்து அதே லீ இந்த வரவேற்பறையில் கௌரவமாகச் சரணடைகிறார்.

தோழர்களே, சரணடைவது என்பதே ஓர் உரிமை. எதிரே இருப்பவன் உன்னை மனிதன் என்று ஒப்புக்கொண்டால்தான் நீ சரணடைய முடியும். அப்போமாட்டக்ஸில் கொண்டாடப்படும் பெருந்தன்மை, ஒருவரையொருவர் மனிதர்களாகவும் கனவான்களாகவும் ஒப்புக்கொண்ட இரண்டு வெள்ளைப் படைகளுக்கு நடுவே புழங்கிய பண்டம். அந்த வட்டத்துக்கு வெளியே அது செல்லுபடியாகவில்லை.

அறைக்கு வெளியே நின்றவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லீ ஏன் சரணடைய வேண்டி வந்தது? மேற்கே தப்பிப்போக இருந்த வழியை வடக்கின் காலாட்படை வந்து அடைத்துவிட்டதால். இரவு பகலாக நடந்து வந்து அந்த வழியை அடைத்த படைகளில் கறுப்பு வீரர்களின் ரெஜிமென்டுகளும் இருந்தன. அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள். போர் முழுவதிலுமாகச் சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் தரைப்படையில் சேர்ந்து போரிட்டார்கள். 1864 வரை வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் சம்பளம், கறுப்புச் சிப்பாய்க்குத் துணிக்கான பிடித்தம் போக 7 டாலர். அந்தச் சம்பளத்தை வாங்க மறுத்துக்கொண்டே போரிட்ட ரெஜிமென்டுகள் உண்டு.

ஏப்ரல் 12 அணிவகுப்பில் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ள நின்றது வெள்ளையர் படைப்பிரிவு. கறுப்பு ரெஜிமென்டுகள் அந்தக் காட்சியில் இல்லை. சில வாரங்களில் அவர்களை டெக்சாஸ் எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அறைக்குள்ளேயே இருந்தும் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரும் உண்டு: ஈலி பார்க்கர். செனெக்கா பழங்குடியைச் சேர்ந்தவர், கிராண்டின் அலுவலர். கிராண்ட் பென்சிலால் எழுதிய நிபந்தனைகளை மையில் திருத்தமாகப் படியெடுத்தது அவர் கை. இளம் வயதில் சட்டம் படித்தவர் பார்க்கர். பழங்குடியினர் குடிமக்கள் அல்ல என்று சொல்லி அவரை வழக்கறிஞராக விடவில்லை. ஒரு நாட்டின் சமாதானப் பத்திரத்தை எழுதிய கைக்கு அந்த நாட்டின் குடியுரிமை இல்லை. அமெரிக்கப் பழங்குடிகள் அனைவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 1924-ல்தான் வந்தது.

அடுத்து, ஹன்னா ரெனால்ட்ஸ். ஏப்ரல் 9 காலைச் சண்டையில் இந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைத் துளைத்துக்கொண்டு போன பீரங்கிக் குண்டு, அந்த வீட்டில் அடிமையாக இருந்த இந்தப் பெண்ணைத் தாக்கியது. அன்றைய சண்டையில் பலியான ஒரே பொதுமகள் அவர். நீண்ட காலம் அவர் அடிமையாகவே இறந்துபோனார் என்றுதான் நினைத்திருந்தார்கள். பிறகு இறப்புப் பதிவேட்டைப் பார்த்தபோது தெரிந்தது: ஹன்னா மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறார். இறந்தது ஏப்ரல் 12. அதாவது, சுதந்திர மனுஷியாக.

அந்தத் தேதியை இன்னொரு முறை பாருங்கள். கார்டன் வாளைத் தாழ்த்தி மரியாதை செய்த அதே நாள். ஒரு பக்கம் தோற்ற எசமானர்களுக்குச் சல்யூட். அதே ஊரின் எல்லையில் ஒரு கறுப்புப் பெண் தன் விடுதலையின் நான்காம் நாளில் காயத்தோடு செத்துக்கொண்டிருக்கிறாள். ஓவியர்கள் வரைந்து வரைந்து தீர்த்தது முதல் காட்சியைத்தான்.

போர் தொடங்கும்போது இந்த மாவட்டத்தின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் அடிமைகள், சுமார் 4,600 பேர். 2015-ல் 150-ஆம் ஆண்டு நிகழ்வின்போது ஹன்னாவுக்கு இறுதிச் சடங்கு போல ஒரு நிகழ்ச்சி நடத்தி, அந்த 4,600 பேருக்கும் ஆளுக்கொரு விளக்கு ஏற்றினார்கள். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: இந்த இடத்தைப் பராமரிப்பவர்கள் இன்று இவற்றை மறைக்கவில்லை. நம் சண்டை அவர்களோடு அல்ல. 150 ஆண்டுகளாக இந்தச் சரணாகதியை 'இரண்டு கனவான்களின் கைகுலுக்கல்' என்று உலகத்துக்கு விற்ற கதையோடு.

கீழே வைக்கப்பட்டது துப்பாக்கி மட்டும்

லீ தன் படைக்கு விடைகொடுத்து ஏப்ரல் 10 அன்று ஓர் ஆணை வெளியிட்டார். எதிரியின் ஆள் பலமும் பொருள் பலமும் அதிகம், அதனால் பணிய வேண்டியதாயிற்று என்பது அதன் சாரம். தவறு செய்தோம் என்று ஒரு சொல் இல்லை. அடிமை முறை என்ற சொல்லே இல்லை. தோற்றது எண்ணிக்கையால், கொள்கையால் அல்ல என்ற புராணம் சரணடைந்த மறுநாளே பிறந்துவிட்டது. இந்த லீயின் பண்ணையிலிருந்து 1859-ல் தப்பிப் பிடிபட்ட வெஸ்லி நாரிஸ், தன்னைச் சவுக்கால் அடிக்க லீ உத்தரவிட்டதையும், கிழிந்த முதுகை உப்புநீரால் கழுவச் செய்ததையும் 1866-ல் வாக்குமூலமாகவே கொடுத்தார். யாருடைய சொல் சிலையானது, யாருடைய சொல் காகிதத்தில் கிடந்தது?

சரி, அந்த இரண்டு மேசைகளில் எது எதெல்லாம் ஒப்படைக்கப்படவில்லை?

நிலம் ஒப்படைக்கப்படவில்லை. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் போட்ட ஆணைப்படி தென் கடற்கரையில் சுமார் 40,000 விடுதலை பெற்ற மக்கள் நிலம் பெற்றுப் பயிர் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் எசமானர்களுக்கு மன்னிப்பு வழங்கி, அந்த நிலத்தையும் அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். பஞ்சமி நிலத்தைத் தேடி 'அ' பதிவேட்டின் நகல் கேட்டு வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்ற தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உழைப்பின் மீதான பிடி ஒப்படைக்கப்படவில்லை. 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக மட்டும் அதை அனுமதித்தது. உடனே தென் மாநிலங்கள் வேலையில்லாமல் திரிவதையே குற்றமாக்கின. பிடித்தார்கள், தண்டித்தார்கள், பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் கைதிகளாகக் குத்தகைக்கு விட்டார்கள்.

துப்பாக்கியும் கொஞ்ச காலத்துக்குத்தான் கீழே இருந்தது. பில்லோ கோட்டைப் படுகொலையின் தளபதி ஃபாரஸ்ட் கூ க்ளக்ஸ் கிளானின் முதல் தலைவரானார். வாளைத் தாழ்த்தி மரியாதை செய்த கார்டன், ஜார்ஜியா மாநிலத்தில் கிளானின் தலைவர் என்றே பரவலாகக் கருதப்பட்டார். 1871-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது கிளானைத் தெரியாது என்றார், ஊர் அமைதியைக் காக்க ஓர் இரகசிய அமைப்பில் இருந்ததாக ஒப்புக்கொண்டார். எந்த ஊரின் அமைதி, யாரிடமிருந்து காப்பது என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அவர் செனட்டர் ஆனார், ஆளுநர் ஆனார், பழைய தென் படைவீரர் சங்கத்தின் முதல் தலைவரும் ஆனார்.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவில் கொல்ஃபாக்ஸ் என்ற ஊர். அங்கேயும் ஒரு நீதிமன்றக் கட்டடம். தேர்தலில் வென்ற தங்கள் அரசைக் காக்க அதற்குள் கறுப்பர்கள் காவல் இருந்தார்கள். பீரங்கியோடு வந்த வெள்ளைக் கும்பல் கட்டடத்துக்குத் தீ வைத்தது. கறுப்பர்கள் வெள்ளைக்கொடி காட்டிச் சரணடைந்தார்கள். சரணடைந்தவர்களை அன்றிரவு வரிசையாகக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குகூட இன்றுவரை ஒன்றாக இல்லை. குறைந்த கணக்கே அறுபதைத் தாண்டுகிறது. கொலைகாரர்களில் ஒரு சிலருக்கு விதிக்கப்பட்ட தண்டனையையும் 1876-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போமாட்டக்ஸ் நீதிமன்றக் கிராமத்தை உலகத்துக்குத் தெரியும். கொல்ஃபாக்ஸ் நீதிமன்றத்தை எத்தனை பேருக்குத் தெரியும்?

'வேறு என்ன செய்திருக்க முடியும்?'

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். கிராண்ட் கடுமை காட்டியிருந்தால் லீயின் ஆட்கள் காட்டுக்குள் போய்ப் பல ஆண்டு கொரில்லாப் போர் நடத்தியிருப்பார்களே? அவர் செய்தது புத்திசாலித்தனம் இல்லையா?

ஆம், அந்த நேரத்துக்கு அது புத்திசாலித்தனம். தூக்குமரம் நடவில்லையே என்று நாம் வருத்தப்படவில்லை. பசித்த சிப்பாய்க்குச் சோறு போட்டதை நாம் குறை சொல்லவும் இல்லை. பசி தெரிந்தவர்கள் நாம். கிராண்டும் அதோடு நின்றுவிடவில்லை. அதிபரான பிறகு 1871-ல் கிளானுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்து, தெற்குக் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் படையை இறக்கிக் கைது செய்ய வைத்தார். வெறும் நல்லெண்ணத்தால் எசமானர்கள் மாறமாட்டார்கள் என்பதை அவரே கற்றுக்கொண்டார் என்பதற்கு அதுவே சான்று.

நம் குற்றச்சாட்டு வேறு. பரோல் என்பது தண்டனையை நிறுத்தி வைப்பது. அதைக் குற்றமே நடக்கவில்லை என்ற தீர்ப்பாக மாற்றினார்கள். தோற்றவனை மன்னித்ததோடு நிற்காமல், அவன் போரிட்ட காரணத்தையும் மதிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் வீரர்கள், இரண்டு பக்கமும் தியாகிகள் என்ற பேச்சு 1870-களிலேயே எழுந்தபோது, அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் மேடைக்கு மேடை அதை எதிர்த்தார். அந்தப் போரில் சரியான பக்கமும் தவறான பக்கமும் இருந்தன, அதை மறக்கச் சொல்லாதீர்கள் என்பதே அவர் சாகும்வரை பேசியது. 1877-ல் தென் மாநில அரசுகளைத் தாங்கி நின்ற வடக்கின் படைகள் விலக்கப்பட்டன. வெள்ளையர் இரு தரப்பும் சமாதானமாகப் போனார்கள். அந்தச் சமாதானத்துக்கான விலையை இந்த இரு தரப்பிலும் இல்லாத மூன்றாவது தரப்பு கொடுத்தது.

விலை எவ்வளவு என்று இந்த ஊரைச் சுற்றியே பார்க்கலாம். பக்கத்து நகரமான லிஞ்ச்பர்க்கைச் சேர்ந்த கார்ட்டர் கிளாஸ், வர்ஜீனியாவின் 1902 அரசியலமைப்பில் வாக்குரிமையைச் சுருக்கிய சிற்பி. கறுப்பர்களின் வாக்கைப் பறிப்பதே நோக்கம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். வாக்குக்கு வரி போட்டார்கள், பதிவதற்குத் தேர்வு வைத்தார்கள்.

இந்த நினைவிடம் உருவான கதையும் அதே காலத்துக்குரியது. 1893-ல் மெக்லீன் வீட்டைப் பிரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டார்கள். பணம் தீர்ந்தது. செங்கலும் மரமும் குவியலாகக் கிடந்து பல பத்தாண்டுகள் மழையில் நனைந்தன. 1935-ல் நினைவிடத்துக்கான சட்டம் வந்தது. டு பாய்ஸ், கறுப்பு மக்களே தங்கள் விடுதலையைப் போராடிப் பெற்றார்கள் என்று நிறுவிய 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' நூலை வெளியிட்டதும் அதே ஆண்டு. வீட்டை மறுபடி கட்டி, 1950 ஏப்ரலில் விழா எடுத்தார்கள். கிராண்டின் பேரனும் லீயின் கொள்ளுப்பேரனும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். அன்று வர்ஜீனியாவில் கறுப்புக் குழந்தைக்குத் தனிப் பள்ளி, பேருந்தில் பின் இருக்கை. அந்த ஆண்டில் எந்த இரு குடும்பங்களின் சமாதானம் கொண்டாடப்பட்டது என்று பாருங்கள்.

50 கிலோமீட்டர் தள்ளி

அன்று மாலை நாங்கள் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் பயணம் செய்து ஃபார்ம்வில் என்ற சிற்றூருக்குப் போனோம். லீயின் படை சரணடைவதற்கு இரண்டு நாள் முன்பு கடந்துபோன ஊர் அது. எங்களை இழுத்தது ஒரு பள்ளிக்கூடம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் அப்போமாட்டக்ஸை மறந்தாலும் பரவாயில்லை, இந்தப் பள்ளியை மறக்கக் கூடாது.

ராபர்ட் ருஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி. கறுப்பு மாணவர்களுக்காக 1939-ல் 180 பேருக்கென்று கட்டப்பட்டது. 1951-ல் அங்கே 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். இடம் போதாமல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழையில் ஒழுகியது, குளிரில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு வேர்த்தது, தூரத்தில் இருந்தவர் கோட்டைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஆதி திராவிடர் நலப் பள்ளியில் படித்த எங்கள் தோழர் ஒருவர் அந்தப் படத்துக்கு முன் வெகுநேரம் பேசாமல் நின்றார்.

1951 ஏப்ரல் 23. 16 வயது பார்பரா ஜான்ஸ், சில நண்பர்களோடு சேர்ந்து முதல்வரைத் தொலைபேசியில் ஏதோ சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, மாணவர் கூட்டத்தைக் கூட்டினார். ஆசிரியர்களை வெளியேறச் சொன்னார். வகுப்புக்குப் போகமாட்டோம் என்று அறிவித்தார். மொத்தப் பள்ளியும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. வழக்கு நடத்த வந்த வழக்கறிஞர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நல்ல கட்டடம் வேண்டும் என்று மட்டும் கேட்டால் வரமாட்டோம், பிரித்து வைப்பதே தவறு என்று கேட்டால் வருகிறோம். மாணவர்களும் பெற்றோர்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கும் சேர்ந்ததுதான் 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று வந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பு.

எசமானர்கள் அப்போதும் சரணடையவில்லை. சேர்ந்து படிக்க விடுவதைவிட மூடிவிடலாம் என்று 1959 முதல் 1964 வரை அந்த மாவட்டத்தின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்புப் பிள்ளைகளின் ஒரு தலைமுறை தெருவில் நின்றது. 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது.

1865-ல் ஒப்படைக்கப்படாமல் போனதன் ஒரு துண்டை, 86 ஆண்டு கழித்து ஒரு பள்ளி மாணவி கேட்டு வாங்கினாள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கு வர்ஜீனியா தேர்ந்தெடுத்த ஆள் பார்பரா ஜான்ஸ்.

நம் ஏப்ரல்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இது முதல் நாளிலிருந்தே நம் கதை. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் 'குலாம்கிரி' நூலை வெளியிட்டபோது, கறுப்பர்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்க உழைத்த அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். தன் நாட்டவரும் அதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று விரும்பினார். கொல்ஃபாக்ஸில் ரத்தம் ஓடியதும் அதே 1873. விடுதலை அறிவிப்பைத் தொடர்ந்து எசமானர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்பதை உலகம் அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1946-ல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்களின் நிலையும் தீண்டத்தகாதவர்களின் நிலையும் நெருங்கியவை என்று சொன்னார். ஐ.நா. சபைக்கு அமெரிக்கக் கறுப்பர்கள் தந்த மனுவின் நகலைக் கேட்டு வாங்க முனைந்தார். அவர் தேடியது ஆறுதலை அல்ல, ஆயுதத்தை.

நாமும் அப்போமாட்டக்ஸிலிருந்து எடுத்துவர வேண்டியது அதையே. இனி யார் உங்களைச் சமாதானத்துக்குக் கூப்பிட்டாலும் இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் எத்தனை நாற்காலி, அதில் நம்முடையது எது? எதைக் கீழே வைக்கிறார்கள், எதை இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள்? குதிரை அவர்களோடு போகிறது, நிலம் யாரோடு போகிறது? நடந்தது குற்றம் என்று காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? வன்கொடுமை வழக்கை ராஜியாக முடிக்கச் சொல்லி வருகிறவர்கள் எப்போதும் பெருந்தன்மை பற்றித்தான் பேசுவார்கள். அடித்தவனிடம் காட்டச் சொல்லும் அந்தப் பெருந்தன்மையில் ஒரு பிடியை, அடிபட்டவனிடம் முன்பு எப்போதாவது காட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஏப்ரல் நமக்கு நெருக்கமான மாதம். 11 புலே பிறந்த நாள், 14 அண்ணல் பிறந்த நாள். இந்த இரண்டுக்கும் நடுவே, 12-ஆம் தேதி, ஹன்னா ரெனால்ட்ஸ் இறந்த நாள். வருகிற ஏப்ரலில் நம் படிப்பு வட்டங்களில் மாலை போட்டுப் பேசி முடித்ததும், அந்தப் பெயரையும் ஒருமுறை சொல்வோம். மூன்று நாள் சுதந்திரமாக இருந்த ஒரு பெண் என்று சொல்வோம். மீதி நாட்களை அவரிடமிருந்து பறித்தவர்கள் மரியாதையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.